எருசலேமில் ஓய்வுநாள் முடியும்வரை

யூன் மாதம், முதல் வெள்ளி

வெயில். ஆனால் பல்கனியில் நிற்க முடியாத காற்று.

இன்று வீட்டில் இருந்தவர்கள்: மகன் தாசன். மருமகள் மெற்றில்டா. பேத்தி அனித்தா. ஒஸ்லோவின் மற்றப் பக்கம் அம்மருட்டிலிருந்து பிலோமினா ரீச்சர், அவவின் மனிசன் அருளப்பு. மேல்மாடி நிர்மலா, இந்தியா, தஞ்சாவூர்ப் பக்கம், நோர்வேக்கு வந்து இரண்டு மாதம். நான். பெயர்களை எழுதி வைக்கிறேன். "நான் அங்கே நிற்கவில்லை" என்று பிறகு இவர்களில் ஒருவரும் சொல்லக்கூடாது.

முதல் வெள்ளி திருஇருதயச் செபம் எங்கள் வீட்டில்தான். மெற்றில்டா மீன் றோல்ஸ் பொரித்தாள். உறைப்பில்லை. சொல்லவில்லை.

செபத்துக்கு முன் ரீவி ஓடியது. நோர்வேச் செய்தி எனக்கு விளங்காது. "யெரூசலெம்" என்று செய்தி வாசிக்கிற பெட்டை சொன்னது விளங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். சந்தை. பஸ் நிற்கும் இடம். உடைந்த கண்ணாடி. கறுப்புக் கோட்டுக்காரர்கள் ஓடுகிறார்கள். ஒரு தள்ளுவண்டி பிரண்டு கிடக்க, அதன் மேல் கீரைக்கட்டுகள் குலையாமல் அப்படியே. மத்தியானம் குண்டு வெடித்ததாம். எத்தனை பேர் என்று அனித்தா வாசிக்கத் தொடங்கி, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

ஜெசிந்தா அங்கே. என் கடைசிப் பிள்ளை. எருசலேமில் ஒரு யூதக் கிழவியைப் பார்க்கிற வேலை, கொழும்பு ஏஜென்சிக்காரன் அனுப்பியது, இது மூன்றாவது வருடம். வெள்ளிக்கிழமைகளில் அந்தச் சந்தைக்குத்தான் போவாள். மதாமுக்கு மீனும் பின்னல் பாணும் வாங்க. அவளே சொன்னது.

நான் கத்தவில்லை. கதிரையில் இருந்துவிட்டேன்.

நிர்மலா அழுதாள். "ஐயோ ஆன்ட்டி, உங்க பொண்ணு அங்கதானே இருக்காங்க? முதல்ல போன் பண்ணுங்க, ப்ளீஸ்." ஜெ.வின் படத்தைக்கூடப் பார்த்திராத பிள்ளை. அவள் ஒருத்திதான் அழுதாள்.

தாசனைப் பார்த்தேன். "எடு, மோனை."

"அம்மா, இப்ப எடுத்தாலும் தூக்கமாட்டினம். அங்கை ஓய்வுநாள் தொடங்கியிட்டுது. உங்களுக்குத் தெரியும்தானே."

தெரியும். வெள்ளி பொழுதுபட்டால் சனி பொழுதுபடும்வரை அந்த வீட்டில் ஒன்றும் நடக்காது. ரெலிபோன் தொடமாட்டார்கள். நெருப்பு மூட்டமாட்டார்கள். லைற் போடவும் கூடாது. ஜெ. போடலாம், அவள் யூத ஆள் இல்லை, வேதக்காரி. ஆனால் போடு என்று அவளிடம் கேட்கவும் கூடாதாம். "மதாம் சும்மா, இருட்டாக்கிடக்கு இருட்டாக்கிடக்கு எண்டு சுவரைப் பாத்துச் சொல்லுவா, அம்மா. நான் விளங்கிக்கொள்ள வேணும்." முதல் வருடம் சொல்லிச் சிரித்தவள். கைபோனும் அவளிடம் இல்லை. ஞாயிறு பின்னேரம் அவளாகத்தான் எடுப்பாள்.

அருளப்பு தொண்டையைச் செருமினார். "அக்கா, பயப்பிடாதேங்கோ. ஜெசிந்தா இப்ப அங்கை..."

"இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது" என்றா பிலோமினா.

மனிசன் வாய் திறந்தால் அவவுக்குப் பொறுக்காது. ஊரிலும் அப்படித்தான். பாலர் வகுப்பில் மூன்று மாதம் பதிலுக்கு நின்றவ, இங்கே வந்தும் ரீச்சர்.

செபமாலை எடுத்து ஐம்பத்துமூன்று மணிச் செபம் சொன்னோம். தாசன் எனக்குப் பக்கத்தில் முழந்தாளில் நின்றான். நான் முன்பாதி, அவன் பின்பாதி. ஒரு மணியும் விடவில்லை. கட்டியான குரல், அவன் அப்பாவின் குரல் மாதிரி. அது எனக்கு ஆறுதலாய் இருந்தது.

சனி

விடிந்தது என்று எழுத முடியாது. இருண்டால்தானே விடிய. இந்த மாதம் இந்த நாட்டில் இரவு கிடையாது. திரைச்சீலைக்குப் பின்னால் முழுக்க வெளிச்சம். நித்திரை இல்லை.

எருசலேம் எனக்குப் புதிய ஊர் இல்லை. எங்கள் ஊர், பாசையூர்க் கோயில் சுவரில் பதினான்கு சிலுவைப்பாதைப் படங்கள். தபசுகாலத்தில் ஒவ்வொன்றுக்கும் முழங்காலில் நின்ற ஊர். எந்த மூலையில் விழுந்தார், எந்த மூலையில் தாயைக் கண்டார் எல்லாம் தெரியும். அந்த ஊரில் என் பிள்ளை மீன் வாங்குகிறாள் என்று முதல் தரம் கேட்டபோது நம்பவே முடியவில்லை. அவளும் அப்படித்தான் சொன்னாள். "அம்மா, அந்த ஒழுங்கையிலை சேட்டு விக்கிறாங்கள். ஆமிக்காரன் பையைத் திறந்து பாக்கிறான், எங்கடை சென்றி மாதிரித்தான்." வெள்ளிக்கிழமை முஸ்லிம் ஆட்கள் பள்ளிக்கு, சனி யூத ஆட்கள் தங்கள் மதிலுக்கு, ஞாயிறு நாங்கள் ஆண்டவரின் கல்லறைக்கு. மூன்று சனமும் ஒரே படிக்கட்டால் இறங்கவேண்டுமாம். கல்லறைக் கோயிலின் கதவுத் திறப்பு ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கையிலாம். வேதக்காரர் தங்களுக்குள் பிடிக்கிற சண்டையில் ஒருவரை ஒருவர் நம்பமாட்டார்களாம். அது சரியான ஏற்பாடு என்று நான் அப்போதே சொன்னேன்.

அவள் அங்கே என்பதால் ஒஸ்லோவில் எனக்கு ஒரு மரியாதை. பூசை முடிய சனம் வரும். எல்லிங்ஸ்ருட் பக்கம் இருக்கிற தம்பதிக்குப் பிள்ளை வேண்டும், ஒருவருக்கு விசா, ஒருவருக்கு முழங்கால். நான் ஒன்றையும் எழுதுவதில்லை. மனதில் வைத்து ஞாயிறு ரெலிபோனில் சொல்லுவேன். ஜெ. கல்லறையில் மெழுகுதிரி கொளுத்துவாள். ஒரு பெயரும் விட்டதில்லை.

காலை. தாசன் பாணும் முட்டையும் சாப்பிட்டான். இரண்டாம் தரமும் முட்டை கேட்டான். தங்கச்சி இருக்கிறாளோ இல்லையோ தெரியாமல் எப்படித் தொண்டைக்குள்ளே இறங்குது என்று பார்த்தேன். பயத்தை இப்படியும் காட்டுவார்கள் ஆம்பிளைகள் என்று நினைத்துக்கொண்டேன்.

அரிசி கழுவினேன். மறந்து திரும்பவும் கழுவினேன். மெற்றில்டா பானையை வாங்கிக்கொண்டாள். "மாமி, போய்ப் படுங்கோவன்." அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

தாசன் பின்னேர வேலைக்கு. போகும்போது: "அங்கை இருட்டினாப் பிறகு நான் வேலையிலையிருந்து எடுத்துக் கேட்டுச் சொல்லுறன். நீங்கள் ரெலிபோனைத் தொடாதேங்கோ. தேவையில்லாமல் மனதைக் குழப்பாதேங்கோ."

மூன்று நட்சத்திரம் தெரிந்தால்தான் அங்கே ஓய்வுநாள் முடியும். அனித்தா கொம்பியூட்டரில் பார்த்து எப்போது இருட்டும் என்று சொன்னாள். இங்கே அந்த நேரம் சூரியன் எதிர்த்த மாடியின் கண்ணாடியில் பட்டு என் கண்ணைக் குத்துகிறது. கீழே பிள்ளைகள் பந்தடிக்கிறார்கள். எனக்கு என் மகளின் ஊர் இருட்டவேண்டும்.

மெற்றில்டா கடைக்குப் போனாள். அனித்தாவைக் கூப்பிட்டேன். "ரெலிபோன் காட்டை எடு, அந்த நம்பரை அடி."

"நம்பர் அப்பான்ரை போனிலை எல்லோ இருக்கு."

முதல் வருடம் தாசன் எனக்கு அடித்துத் தரும்போது அவன் விரலைப் பார்த்துப் பார்த்து மனதில் வைத்த நம்பர். முழுவதும் சொன்னேன். பிள்ளை வாயைப் பிளந்தாள்.

மணி போனது. எடுத்தது மதாமின் மகள். அனித்தா இங்கிலீசில் கதைத்தாள். கதைக்கக் கதைக்க அவள் முகம் சுருங்கியது. கையால் வாயை மறைத்துக்கொண்டாள். வைத்தாள்.

"சொல்லு."

"அவ அங்கை இல்லையாம், அப்பம்மா."

"ஆசுப்பத்திரியோ?"

"இல்லை, இல்லை. போன வருசமே வேலையை விட்டுட்டுப் போட்டாவாம். இப்ப நேபாளத்து அக்கா ஒராள் நிக்கிறாவாம்." பிறகு மெதுவாக: "யெஸ்ஸி, அதுதான் ஜெசிந்தா மாமி, சுகமா இருக்கிறாவோ எண்டு அவ எங்களிட்டைக் கேக்கிறா."

எங்களிடம் கேட்கிறார்கள்.

ஒரு வருடமாக ஞாயிறு ஞாயிறாக எங்கேயிருந்து கதைத்தாள்? மதாமுக்கு இருமலாம், மதாம் சூப் குடிக்கவில்லையாம் என்றெல்லாம் சொன்னாளே.

"அப்பாவுக்குத் தெரியுமோ, அப்பம்மா?"

"நீ ஒண்டும் கேக்காதை. நானும் கேக்கேல்லை."

தாசன் வந்தான். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "எடுத்தனான் அம்மா. மதாமின்ரை மகள்தான் கதைச்சவ. ஜெசிந்தா நித்திரையாம். ஒரு பிரச்சினையுமில்லை. நாளைக்கு எடுப்பாள்."

என் முன்னால் நின்று சொன்னான். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

நான் "ஆண்டவருக்குத் தோத்திரம்" என்றேன். வேறென்ன சொல்ல. சோறு போட்டுக் கொடுத்தேன்.

இதை எழுதக் கை ஓடவில்லை. எங்கள் ஊரில் சாவை உடனே சொல்வதில்லை. முதலில் ஆசுப்பத்திரியில் என்பார்கள். பிறகு கொஞ்சம் கடுமை என்பார்கள். அதற்கிடையில் வீட்டில் ஆட்கள் கூடிவிடுவார்கள். மூத்தவன் சேவியரைக் கடலில் நேவி சுட்டபோது எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். காலில் காயம் என்றார்கள். கால் என்று நம்பி நான் வேட்டி கிழித்துக் கட்டுத்துணி எடுத்து வைத்தேன். ஆகவே நித்திரை என்று தாசன் சொன்னால் அது என்ன நித்திரை? நேற்று அவர்கள் எல்லாரும் வந்தது செபத்துக்கோ, இதற்கோ?

கேட்டால் சொல்லிவிடுவான். அதனால் கேட்கவில்லை.

ஞாயிறு

மழை. ரயிலில் பூசைக்கு. தாசன் என் கையைப் பிடித்துப் படியிறக்கினான்.

சாமியார் பிரசங்கத்தில் எருசலேமுக்காக மன்றாடச் சொன்னார். சனம் என்னைத் திரும்பிப் பார்த்தது. சமாதானம் என்று சொல்லிக் கைகொடுக்கும் நேரம் இரண்டு வாங்கு தள்ளி இருந்தவர்களும் எழும்பி வந்து என் கையைப் பிடித்தார்கள். எனக்கு ஒரு கையும் சூடாகப் படவில்லை.

வெளியில் குடைக்குள் பிலோமினா. நல்ல சத்தமாக. "அக்கா, ஜெசிந்தா சுகமாமே, தாசன் சொன்னவர். கடவுள் பெரியவர். இண்டைக்கு எடுத்தால் என்ரை மருமகளின்ரை பேரையும் சொல்லிவிடுங்கோ, கல்லறையிலை ஒரு திரி. அவளுக்கு இது ஒம்பதாம் மாதம்."

அருளப்பு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். குடை அவர் மேல் இல்லை. நனைந்துகொண்டே நின்றார். என்னைப் பார்க்கவேயில்லை.

நான் பிலோமினாவின் கண்ணைப் பார்த்தேன். அதில் சாவு இல்லை. செத்தவீட்டை மறைக்கிற கண்ணை எனக்குத் தெரியும். இது வேறு. இது பரிதாபப்படுகிற கண், கொஞ்சம் சிரிப்பும் உள்ளே. அப்போது எனக்கு மூச்சு வந்தது. கோபமும் வந்தது.

பின்னேரம் மணி அடித்தது. தாசன் எழும்புமுன் எடுத்தேன். முழங்கால் நோகவில்லை.

"அம்மா. நான் ஜெசிந்தா."

அந்தக் குரல். நான் இருந்துவிட்டேன்.

"எங்கை நிக்கிறாய்?"

"இஞ்சைதான், மதாம்..."

"மதாம் வீட்டுக்கு நேற்று நான் எடுத்தனான்."

பின்னால் காற்றுச் சத்தம், திறந்த வெளி மாதிரி. பிறகு அழுதாள். எனக்குப் பக்கத்தில் தாசன் வெள்ளையாய் நின்றான். "அம்மா, தாங்கோ" என்று கையை நீட்டினான். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எருசலேமை விட்டு ஒரு வருடமாம். கடற்கரை ஊராம். அங்கே வேறு கிழவரைப் பார்க்கிறாளாம். ஒருவரைக் கட்டியிருக்கிறாளாம்.

"ஆர்?"

"சிலாபம், அம்மா. வேதக்காரர்தான். கோயிலிலை வைச்சுத்தான் கட்டினது."

சிங்களவன்.

"நேவியிலை இருந்தவனோ?"

"இல்லையம்மா. அவரும் வயசுபோன ஆக்களைப் பாக்கிற வேலைதான். என்னைப் போலை."

எனக்குச் சேவியரின் சேட்டுத்தான் கண்ணில். நீலக்கோடு.

"அவரோடை கதைக்கிறியளோ அம்மா? பக்கத்திலைதான் நிக்கிறார்."

"வேண்டாம்."

வேண்டாம்தான். இப்போதும் வேண்டாம்.

"அப்ப மெழுகுதிரி?"

"அங்கை இருந்தவரைக்கும் கல்லறையிலைதான் கொளுத்தினனான். பிறகு இஞ்சத்தையில் கோயிலிலை. எல்லாற்றை பேரும் சொல்லித்தான் அம்மா. ஒருத்தரையும் விடேல்லை."

எருசலேம் என்று சொல்லித்தான் சனம் கேட்டது. வேறு ஊரில் கொளுத்தினால் சரிவருமோ, சாமியாரிடம்தான் கேட்கவேண்டும். எல்லிங்ஸ்ருட் பெட்டைக்குப் பிள்ளை தங்கிவிட்டது, அது உண்மை.

பிறகுதான் அவள் சொன்னாள்.

"நான் கட்டின உடனை உங்களுக்குச் சொல்லப்போனனான். அண்ணாதான் வேண்டாம் எண்டவர். சொன்னால் தன்ரை வீட்டுக்கு ரெலிபோன் எடுக்கக்கூடாது எண்டவர். பிறகு வெள்ளிக்கிழமை, குண்டு வெடிச்ச உடனை மத்தியானமே அவருக்கு எடுத்தனான். அம்மா செய்தி பாத்தால் துடிச்சுப்போவா, நான் எருசலேமிலை இல்லை எண்டு இப்பவாவது சொல்லுங்கோ எண்டனான். சொல்லிப்போட்டன், அம்மா ஆறுதலா இருக்கிறா எண்டு பின்னேரம் இவற்றை போனுக்கு மெசேஜ் போட்டவரே."

ரெலிபோனை வைத்தேன். பிழையாக வைத்தேன். மெற்றில்டா வந்து சரியாக வைத்தாள்.

திங்கள்

சூரியன். உடுப்புத் தோய்த்தது. பெரிய பெட்சீற் காயவில்லை.

தாசன் லீவு எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் இருந்தான். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, சின்னனில் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வந்தால் இருப்பதுபோல்.

"அம்மா, உங்களுக்காகத்தான் சொல்லேல்லை. நீங்கள் தாங்கமாட்டியள்."

"அவள் செத்துப்போனாள் எண்டு நான் நினைச்சுக்கொண்டு இருந்தனே, அதைத் தாங்குவன் எண்டு நினைச்சனியோ?"

"ஞாயிற்றுக்கிழமை அவள் எடுப்பாள்தானே, எல்லாம் சரியாப்போடும் எண்டு..."

"மத்தியானம் உனக்குத் தெரியும். அதுக்குப் பிறகுதான் நீ எனக்குப் பக்கத்திலை முழந்தாளிலை நிண்டனி."

கதவைப் பார்த்தான்.

"ஆருக்காக மன்றாடினனி?"

தலையைக் குனிந்தான். பிறகுதான் உண்மை வந்தது. "அண்ணாவைச் சுட்டவங்கடை ஆளை எங்கடை வீட்டுப் பிள்ளை கட்டியிருக்கிறாள் எண்டு தெரிஞ்சால், இஞ்சை நான் சனத்துக்கு முன்னாலை எப்பிடி நிக்கிறது?"

சனத்துக்குத் தெரியும். பிலோமினாவுக்குத் தெரியும், அருளப்புவுக்குத் தெரியும், அப்படியென்றால் அம்மருட் முழுக்கத் தெரியும். தெரியாமல் இருந்தது நானும், அனித்தாவும், மேல்மாடி நிர்மலாவும்தான். ஒரு வருடமாக என்னிடம் வந்து திரி கொளுத்தச் சொன்னவர்களில் எத்தனை பேர் தெரிந்துகொண்டே கேட்டார்கள்? அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அனித்தா உள்ளே வந்து தகப்பனிடம், "ஸ்லாப் ஆவ், பாப்பா, அவவை விடுங்கோ" என்று நோர்வேயும் தமிழும் கலந்து சொன்னாள். தாசன் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

நான் எங்கே போவேன்? எங்கள் பக்கத்து ஹொல்ம்லியா ஸ்ரேசன் மட்டும் தனியே போய்வருவேன். அதற்கு அங்கால் ஒஸ்லோ எனக்குத் தெரியாது. ஜெ. இருக்கிற ஊருக்குப் போக விசா இல்லை, போனாலும் அவன் நிற்கிற வீட்டில் எப்படி இருப்பேன்? ஊரில் என் வீடு இருந்த இடம் இப்போது ஆமி நிற்கிற இடம். சமாதானம் பேசுகிறார்கள், இதே நாட்டுக்காரர்தான் நடுவில் நின்று பேசுகிறார்கள் என்று தாசன் ஒவ்வொரு நாளும் வாசித்துக்காட்டுவான். அந்த வீடு வந்தால் பார்ப்போம்.

செவ்வாய்

காற்று விழுந்துவிட்டது.

டொக்ரரிடம். பிரசர் கூடவாம். குளிசை மாற்றியிருக்கிறார். தாசன்தான் கூட்டிக்கொண்டு போனான். எனக்குக் குனிய ஏலாது. சப்பாத்து நாடாவை அவன்தான் கட்டினான், இரண்டு சுருக்குப் போட்டு. வரும்வழியில் சூடை மீன் இருக்கிறதோ என்று மூன்று கடை ஏறி இறங்கினான். பக்கத்து வீட்டு நோர்வேக் கிழவி படியில் கண்டு, நல்ல மகன், நல்ல மகன் என்றா. அந்தச் சொல் எனக்கு விளங்கும். ஓம் என்றேன்.

பின்னேரம் ரெலிபோன். அருளப்பு. பிலோமினா கடைக்குப் போன நேரம் பார்த்து எடுத்திருக்கிறார். "அக்கா, நான் அண்டைக்குச் சொல்லத்தான் வாய் திறந்தனான்." "தெரியும் தம்பி." வைத்துவிட்டார்.

மீன் குழம்பு மெற்றில்டா வைத்தாள். நல்லாய் இருந்தது. அதையும் சொல்லவில்லை.

இரவுச் செபம். வெளியில் வெளிச்சம். தாசன் தொடங்கினான், அதே கட்டியான குரல். நான் பதில் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் பிள்ளை பயப்படும்.

கர்த்தர் கற்பித்த செபத்தில், எங்களுக்குப் பிழை செய்தவர்களை நாங்கள் பொறுக்கிறோம் என்கிற இடம் வந்தது. மற்றவர்கள் சொல்லிக்கொண்டு போனார்கள். நான் அதில் நின்றுவிட்டேன். மனதுக்குள் ஒவ்வொருவராகச் சொல்லிப்பார்த்தேன். ஜெசிந்தாவைப் பொறுத்தேன். அவளை எப்போதோ பொறுத்துவிட்டேன், உயிரோடு குரல் கேட்ட அந்த இடத்திலேயே. மெற்றில்டா புருசன் சொல்லைக் கேட்டவள், பொறுத்தேன். பிலோமினாவைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். சிலாபத்தான் எனக்கு ஒன்றும் செய்யவில்லை, அவன் பெயர்கூட நான் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு பெயரையாவது கேட்கவேண்டும்.

ஆமென் சொல்லி எல்லாரும் எழும்பிவிட்டார்கள். என்னைத் தூக்கிவிட அவன் கையை நீட்டினான். பிடித்துத்தான் எழும்பினேன், வேறு பிடி இல்லை.

ஒருவனை மட்டும் பொறுக்கமாட்டேன். என் வயிற்றில் பிறந்த யேசுதாசன்.